எல்லோரும் நீலத்தில் இருந்த தெரு

வேலை விட்டு வருகிறவர்கள் பையோடு வந்து வரிசையில் நிற்பதால் சாயங்காலத்தில் மில்லில் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான். அன்றைக்கும் அப்படித்தான். ஒரு மூட்டைக் கோதுமை பாதி அரைபட்டிருந்த நேரம் பார்த்து, ஸ்டார்ட்டர் பெட்டி டப்பென்று தட்டிவிட்டது. மோட்டார் நின்றது. கல் மட்டும் பழைய வேகத்தில் கொஞ்சம் சுற்றி, முனகி, அடங்கிப் போனது.

"மறுபடியுமா?" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற தையல்காரி.

மில் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே பலகையில், கரண்ட் வரும் மூன்று பேஸையும் பார்க்க ஒரு முள் மீட்டர் உண்டு. அதன் கீழே இருந்த குமிழைச் சிவப்புக்குத் திருப்பினாள், முள் எழுந்து நின்றது. மஞ்சளுக்குத் திருப்பினாள், நின்றது. நீலத்துக்குத் திருப்பினாள். முள் படுத்துவிட்டது.

"நீலம் போச்சு. பையை வெச்சிட்டுப் போங்க, காலைல அரைச்சு வெக்கிறேன்."

"காலைல வர்ற மாவை வெச்சு இன்னிக்கு எப்படிம்மா அடுப்பு பத்த வெக்கிறது?" என்ற சலூன்காரர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாக்கெட் மாவு விற்கும் கடைப்பக்கம் நடந்தார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். போகிறவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று கடை வைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அவள் லேசில் விடுகிற ஆள் இல்லை. புருஷன் இருந்தவரை மில்லுக்குள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. அவர் போன பிறகு, விற்றுவிடு என்று சொந்தபந்தம் எல்லாம் ஒரே குரலில் சொன்னது. பெல்ட்டில் துணி மாட்டினால் என்ன ஆகும், கல்லைக் கொத்த உனக்குத் தெரியுமா என்று ஆளுக்கொரு பயம் காட்டினார்கள். அவள் புருஷனுடைய காக்கிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்டார்ட்டர் பிடியை இழுத்தாள். அவ்வளவுதான். கல் கொத்தப் பழகினாள். மோட்டார் சத்தம் மாறினால் சமையல்கட்டில் இருந்தே தெரிந்துகொள்ளப் பழகினாள். அந்த மில் வருமானத்தில்தான் ஒரே மகளைப் படிக்க வைத்துக் கட்டியும் கொடுத்தாள்.

வந்த மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் கணக்குப் போடுகிறவர். மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் ஒரு தடவை புகைந்து கருகியபோது சும்மா இருந்தார். இரண்டாவது தடவை கருகியதும் வந்து உட்கார்ந்தார்.

"அத்தை, இது உங்க உடம்பையும் சேர்த்துத் தின்னுடும். மில்லை மூடிட்டு இடத்தை எனக்குக் குடுங்க. குடோனா வெச்சுக்கறேன். நீங்க எங்க கூட வந்து நிம்மதியா இருங்க."

"நிம்மதியா இருந்து என்ன பண்றது மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை எழுந்து போவதாக இல்லை. காயில் கட்டுகிறவர் மோட்டாருக்கு ஒரு காவல் பெட்டி மாட்டிவிட்டிருந்தார். மூன்று பேஸில் ஒன்று போனாலும், ஒன்று ரொம்ப இளைத்தாலும் அது மோட்டாரை நிறுத்திவிடும். அதை நம்பி அவள் வாக்குக் கொடுத்தாள்.

"இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க. அன்னிக்கு மில் நிக்காம ஓடலைன்னா சாவியை நானே உங்க கையில குடுத்துடறேன். அது வரைக்கும் குடோன் பேச்சு வேணாம்."

பெட்டி மோட்டாரைக் காப்பாற்றியது, நிஜம்தான். மில்லைக் காப்பாற்றவில்லை. முன்பு கருகியது, இப்போது சாயங்காலமானால் நிற்கிறது. கருகினாலும் நின்றாலும் மாவு வராதல்லவா.

நீலம் போனதற்கு மறுநாள் பியூஸ் போட லைன்மேன் வந்தார். நெட்டையான ஆள், ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் தெருவில் அவருக்கு ஏணி என்றே பெயர். மில்லை ஒட்டித் தெருமுனையில் கம்பிவேலிக்குள் டிரான்ஸ்பார்மர் நின்றது. அவர் வேலை முடித்து வேலிக் கதவைச் சாத்துகிற நேரத்தில் அவள் வழியை மறித்துக்கொண்டாள்.

"பியூஸ் போடுறதும் போறதுமாவே இருந்தா எப்படி தம்பி? ஏன் போகுதுன்னு சொல்லிட்டுப் போங்க."

"சொன்னா என்ன பண்ணப் போறீங்க?"

"கேட்டாத்தானே என்ன பண்றதுன்னு தெரியும்."

அவர் சிரித்துவிட்டு, "அப்ப விளக்கு வெக்கிற நேரத்துக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனார். சொன்னபடி வந்தார். வேலிக்கு வெளியே அவளை நிற்க வைத்துவிட்டு, கையுறை மாட்டி, இடுக்கி போன்ற ஒரு மீட்டரை எடுத்தார். அது வயரைக் கட்டிப் பிடித்தால், உள்ளே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும்.

"சிவப்பு. இதுல கரண்ட் தூங்குது. மஞ்சள், சுமாரா ஓடுது. நீலத்தைப் பாருங்க. தாங்க வேண்டியதுக்கு மேல ஓடுது. இன்னும் ரெண்டு வீட்டுல அயர்ன் பாக்ஸ் போட்டா பியூஸ் போயிடும்."

"ஒரே டிரான்ஸ்பார்மர்தானே? அதுல என்ன ஒண்ணு தூங்குது, ஒண்ணு சாகுது?"

"வோல்டேஜுங்கிறது தள்ளுற தெம்பு. கரண்டுங்கிறது ஓடுற ஓட்டம். லோடுங்கிறது நீங்க எல்லாரும் கேக்குறது. கேக்கக் கேக்க ஓட்டம் கூடும். ஓட்டம் கூடினா வழியிலேயே தெம்பு கொறஞ்சிடும். லைட்டு மங்குறது அதனாலதான். இங்க தள்ளுறதுக்கு மூணு பேஸ் இருக்கு. மூணும் ஒரே நேரத்துல தள்ளாது, ஒண்ணு மாத்தி ஒண்ணு தள்ளும்."

அவள் இரண்டு கையாலும் உலக்கை போட்டுக் காட்டினாள். "ஒரே உரல்ல மூணு பேரு மாத்தி மாத்தி உலக்கை போடுற மாதிரியா?"

"அதேதான். உங்க மோட்டார் மூணு பேரு போடணும்னே செஞ்சது. ஒருத்தர் நின்னுட்டா…"

"மத்த ரெண்டு பேருக்கும் தோள்பட்டை கழண்டுடும்."

"தோள்பட்டை இல்ல, காயில்."

பிறகு அவர் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் மூன்று பேஸும் வருகிறது. மீட்டர் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும், அதைத் திருப்பி வீடு எந்த பேஸில் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏணி ஒழுங்காகத்தான் பிரித்துக் கொடுத்திருந்தார். மில் வரிசைக்குச் சிவப்பு, எதிர் வரிசைக்கு மஞ்சள், அதற்கு அப்பால் உள்ள வீடுகளுக்கு நீலம். தெருவோ குமிழைத் திருப்பித் திருப்பி மொத்தமாக நீலத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. நீலம் போகிற ராத்திரி மட்டும் மஞ்சளுக்கு மாறுவார்கள், பியூஸ் போட்டதும் நீலத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

"பஸ்ஸுல எல்லாரும் ஒரே பக்கமா ஏறிக்கிட்டு டிரைவரைத் திட்டினா நான் என்ன பண்றது சொல்லுங்க. ரெண்டு தடவை வீடு வீடா வந்து மாத்தி வெச்சேன். நான் தெருவைத் தாண்டலை, திருப்பிட்டாங்க."

"பெரிய டிரான்ஸ்பார்மர் போட்டா?"

"கேட்டிருக்கோம். வரும்போது வரும். ஆனா மூணுலயும் பிரிஞ்சு உக்காந்தா உங்க தெருவுக்கு இதுவே தாராளம்."

எல்லோரும் ஏன் நீலத்துக்குப் போனார்கள் என்றால், அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. மஞ்சளில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. அங்கே பொறி பறக்கும்போதெல்லாம் மஞ்சள் வீடுகளில் விளக்கு கண் சிமிட்டும். சிவப்பு ஆகவே ஆகாது, பொருளைத் தின்றுவிடும் என்று பேச்சு. ஒரு நாள் மூலை வீட்டில் சிவப்பில் ஓடிக்கொண்டிருந்த டிவி புகைந்து வெடித்துவிட்டது. அன்றிலிருந்து சிவப்பு என்றால் பாம்பைக் கண்ட மாதிரி.

"அது சிவப்போட குத்தம் இல்ல" என்றார் ஏணி. "போன கரண்ட் திரும்பி வர்ற வழிக்கு நியூட்ரல்னு பேரு. அந்த இணைப்பு தளர்ந்து கெடந்துச்சு. அது சரியில்லைன்னா, லோடு நெறைய இருக்கிற பேஸ் அமுங்கும், லோடு இல்லாத பேஸ் எகிறும். எகிறினதுல டிவி போச்சு. அன்னிக்கே நான் இணைப்பை இறுக்கிட்டேன். உங்க பயத்தைத்தான் என்னால தளர்த்த முடியலை."

அவள் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் குமிழைப் பார்த்தாள். நீலத்தில் இருந்தது. எப்போது திருப்பினாள் என்றுகூட நினைவில்லை. ஊரைச் சொல்வதற்கு முன்னால் தன் கையையே ஒரு தட்டுத் தட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சிவப்புக்குத் திருப்பினாள். திருப்பிவிட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்வதுபோல பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிரிட்ஜ் பாட்டுக்கு ஓடியது. விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது.

அடுத்து வந்த நாளெல்லாம் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நல்ல பேச்சு பேசத் தெரிந்தவள் இல்லை. வாசலில் நின்று, குமிழைக் காட்டச் சொல்லி, விஷயத்தைப் போட்டு உடைப்பாள்.

"என் வீடு சிவப்புல ஓடுது. என் பிரிட்ஜ் ஓடுது. வந்து தொட்டுப் பாருங்க."

"உங்க பிரிட்ஜ் பழசு அக்கா, அதுக்குப் பழகிப்போச்சு" என்றாள் தையல்காரி. "என் மிஷினு புதுசு."

"பழசு போகலை, புதுசு போயிடுமா? அப்படியே போனா வந்து என்னைக் கேளு. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

சலூன்காரர் இன்னும் விவரமானவர். "நான் மஞ்சளுக்குப் போனா வெல்டிங்ல லைட்டு சிமிட்டும். ஒருத்தர் காது என் கையில இருக்கும்போது லைட்டு சிமிட்டலாமா?"

"அந்த நேரம் கத்தியைத் தூக்கிக்குங்க."

கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள். மூலை வீடு சிவப்புக்கு மாறட்டும், அப்புறம் நாங்கள் அவரவர் பேஸுக்கு மாறுகிறோம் என்றார்கள். மூலை வீட்டில் இருந்தது வேறு யாரும் இல்லை, அவளுடைய ஓரகத்தி. புருஷனின் தம்பி மனைவி. மில்லுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். டிவி வெடித்த அன்று ஓரகத்தி தெருவில் நின்று, உன் மில்தான் என் டிவியைக் கொன்றது என்று சொல்லிவிட்டாள். அவள் பதிலுக்கு, ஓயாமல் ஓடுகிற டிவி வெடிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. வருஷம் ஓடிவிட்டது.

ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் போனாள். போய்த்தானே ஆக வேண்டும்.

ஓரகத்தி கதவைத் திறந்து அவளைக் கண்டதும் மறுபடி சாத்தவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

"என்னக்கா, வழி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சது. உன் வீட்டை சிவப்புக்கு மாத்து."

"வந்ததும் வராததுமா உத்தரவு. ஏற்கெனவே ஒரு டிவி போச்சு. இப்ப ரெண்டு ஏசி இருக்கு. அதுவும் வெடிக்கட்டும்னா?"

"வெடிக்காது. எதனால வெடிச்சுதுன்னு லைன்மேன் சொல்லிட்டாரு. இணைப்பை அன்னிக்கே இறுக்கியாச்சு. நம்பலைன்னா என் டிவியைத் தூக்கிட்டு வந்து உன் வீட்டுல மாட்டறேன். உன்னோடதைக் கழட்டி வெச்சுக்க."

"உன் மில்லு ஓடணும்கிறதுக்காக நான் ஏன் மாத்தணும்?"

"ஓடலைன்னா மூடணும். சாவி மாப்பிள்ளை கைக்குப் போயிடும். நான் அங்க போய் சும்மா உக்காந்து செத்துப் போவேன். வேற ஒண்ணும் இல்ல."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஓரகத்தி கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். பிறகு வழி விட்டாள். வீட்டுக்குள் எல்லா ஜன்னலும் அடைத்திருந்தது. நல்ல சாயங்காலக் காற்று வெளியே வீசிக்கொண்டிருக்க, உள்ளே இரண்டு ஏசியும் உறுமிக்கொண்டிருந்தன.

"எதுக்குடி இப்படி அடைச்சு வெச்சிருக்கே? காத்து வருதே."

"காத்தா வருது? உன் மிளகாய்ல்ல வருது" என்றாள் ஓரகத்தி. "மத்தியானம் தொடங்கினா ராத்திரி வரைக்கும் மிளகாய் அரைக்கிறே. காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது. ஜன்னலைத் திறந்தா தும்மல், கண்ணெரிச்சல். அவருக்கு இருமல் வேற. எத்தனை தடவை ஆள் விட்டுச் சொன்னேன்? கேட்டியா? அதான் மூடிட்டு ஏசி வாங்கினோம். முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆள் விட்டுச் சொன்னது உண்மைதான். மில் என்றால் நெடி அடிக்கத்தான் செய்யும் என்று அவள் திருப்பி அனுப்பியதும் உண்மைதான். இவள் அரைத்த மிளகாய்க்கு ஓரகத்தி ஜன்னலை அடைத்தாள். அடைத்த ஜன்னலுக்கு ஏசி போட்டாள். போட்ட ஏசி நீலத்தை அமுக்கியது. நீலம் போனது, மில் நின்றது. இதற்கு மேல் யாரைப் போய்க் கேட்பது?

ஆனால் மிளகாய்தான் மில்லுக்கு நாலு காசு நிற்கிற வேலை. சாயங்காலம் மிளகாய் இல்லை என்றால் பாதிப் பேர் வேறு மில்லுக்குப் போவார்கள். அதையும் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"இனிமே மிளகாய் விடியக்காலைல மட்டும். அப்ப காத்து அந்தப் பக்கம் அடிக்கும். வெயில் ஏறினதும் நிறுத்திடறேன். நீ ஜன்னலைத் திற. ஏசி வேணும்னா ஒண்ணு போடு, வேணாங்கலை. ஆனா சிவப்புல போடு."

"சும்மா வாய் வார்த்தையா?"

"நான் என்னிக்கு வாய் வார்த்தை சொன்னேன்? சொல்ல வேண்டாததைத்தான் சொல்லித் தொலைப்பேன்."

ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அன்னிக்கு டிவி எரிஞ்சப்ப ஒரு வார்த்தை, யாருக்காவது அடிபட்டுச்சான்னு கேட்டியா நீ?" என்றாள்.

"கேக்கலை. கேட்டிருக்கணும்."

பிடிவாதக்காரி வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று ஓரகத்திக்குத் தெரியும். எழுந்து போய்க் குமிழைத் தானே திருப்பினாள். ஜன்னல் ஒன்றையும் திறந்தாள்.

மூலை வீடு சிவப்பில் என்ற சேதி தெரு முழுக்கப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஒவ்வொரு வீடாகக் குமிழ் திரும்பியது. மில் வரிசை சிவப்புக்கு, எதிர் வரிசை மஞ்சளுக்கு, மிச்சம் நீலத்தில். சாயங்காலம் ஏணி லீவு நாள் என்றும் பாராமல் இடுக்கி மீட்டரோடு வந்து வேலிக்குள் நின்றார். மூன்று வயரையும் பிடித்துப் பார்த்துவிட்டு, மில்லைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

அவள் பிடியை இழுத்தாள். கல் சுற்றியது. கோதுமை இறங்கியது. வரிசையில் ஆள் சேர்ந்தது.

விளக்கு வைத்து எல்லா வீட்டிலும் எல்லாம் ஓடத் தொடங்கிய நேரத்தில், வெல்டிங் பட்டறையில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது போலிருக்கிறது. மஞ்சள் மங்கியது. எதிர் வரிசையில் விளக்குகள் சிமிட்டின. பழகிய கை சும்மா இருக்குமா? சலூன்காரர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் குமிழ்ப் பக்கம் போவது மில்லில் இருந்தே தெரிந்தது. பக்கத்துக் கதவிலும் ஒரு ஆள் எழுந்தார். ஒருவர் நீலத்துக்குத் திருப்பினால் அடுத்தவரும் திருப்புவார், தெரு மொத்தமும் சரியும்.

அவளால் கல்லை விட்டுப் போக முடியாது. கோதுமை இறங்கும் வாய்ப்பலகையைப் பாதி அடைத்து மோட்டாருக்குச் சுமையைக் குறைத்தாள். மீட்டரை மஞ்சளில் வைத்து முள்ளிலேயே கண்ணை வைத்தாள். முள் இறங்கி, நடுங்கி, அங்கேயே நின்றது. பெட்டி தட்டவில்லை. இன்னும் தட்டவில்லை.

அப்போது தெரு நடுவில் ஒரு குரல் கேட்டது. ஓரகத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாராவது குமிழ்ல கை வெச்சீங்க, இருக்கு சேதி. டிவி போனவ நானே சிவப்புல உக்காந்திருக்கேன். உங்களுக்கு ரெண்டு நிமிஷம் லைட்டு மங்கினா பொறுக்காதா? சலூன்காரரே, உங்களைத்தான். போய் முடியை வெட்டுங்க. அந்த மனுஷன் பாதித் தலையோட உக்காந்திருக்காரு பாருங்க."

தெரு சிரித்தது. சலூன்காரர் கையை எடுத்தார். பக்கத்துக் கதவில் எழுந்தவர் உட்கார்ந்தார். பட்டறையில் பொறி நின்றதும் மஞ்சள் முள் மெல்ல எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. அவள் வாய்ப்பலகையை முழுசாகத் திறந்துவிட்டாள். மோட்டார் சுமையை ஏற்றுக்கொண்டு ஒரே சத்தமாக ஓடியது. அந்தச் சத்தத்தில் குறை ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது வரிசை வாசல் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், கல்லையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார். ஏதோ கேட்டார். இரைச்சலில் அவளுக்குக் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவள் வேலையை விட்டிருக்கமாட்டாள்.

"மாப்பிள்ளை, சும்மா நிக்காதீங்க. இந்தச் சாக்கு வாயை விரிச்சுப் பிடிங்க" என்று கத்தினாள்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து பிடித்தார். மாவு சூடாக அவர் கைமேல் விழுந்தது. அடுத்த பையை எடுத்து வைக்கச் சொல்லி அவள் தையல்காரிக்குத் தலையை ஆட்டினாள்.